ஆள்வோருக்கான ஜெபமும் அன்னாள் தைத்த சட்டையும்

ஞாயிறு ஆராதனையில் ஆள்வோருக்கான ஜெபம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர் என்று பதவிகளை மேலிருந்து கீழாகச் சொல்லி, அவர்களுக்கு ஞானம் தரும்படி வேண்ட, சபை ஒரே குரலில் ஆமென் சொல்லும். கத்தோலிக்கத் திருப்பலியில் இதுவே நம்பிக்கையாளர் மன்றாட்டில் ஒரு வேண்டுதலாக வரும். சிறுவயது முதல் கேட்டுப் பழகிய வார்த்தைகள்தான். ஆனாலும் தேர்தல் நெருங்கும்போது இந்த ஜெபத்தின் தொனி மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஜெபிப்பவருக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருந்தால் ஜெபம் வாழ்த்துமடல் ஆகிவிடுகிறது. பிடிக்காத கட்சி இருந்தால் சாபத்துக்குப் பக்கத்து வீட்டில் போய் நிற்கிறது. இரண்டிலும் ஆள்பவர் இருக்கிறார்; ஆளப்படுகிறவர்களின் வலி இல்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதம் ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், தங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபிக்கச் சொன்னது. ஜெபிக்க வேண்டும் என்பது தெளிவு. எந்த இடத்தில் நின்று, எந்த மனத்தோடு, எதைக் கேட்டு ஜெபிப்பது என்பதை இந்த வசனங்கள் விரித்துரைப்பதில்லை. அதற்கு வேதத்தின் மனிதர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

போதகர்கள் வழக்கமாக எஸ்தரிடம் போவார்கள். இல்லையென்றால் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் விசாரித்த தெபொராளிடம். ஒருவர் ராணி, மற்றவர் நியாயாதிபதி. அரண்மனை வாசலும் போர்க்களமும் அவர்கள் எட்டும் தொலைவில் இருந்தன. நம் சபைகளில் ஜெபிக்கிற பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் எட்டாது. அதனால் நான் அன்னாளிடம் போகிறேன். எப்பிராயீம் மலைநாட்டில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண். இரண்டு மனைவிகளில் ஒருவர், பிள்ளையில்லாதவர். அவர் காலத்தில் இஸ்ரவேலில் ராஜாவும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. ஆனால் சவுலின் கதையும் தாவீதின் கதையும் அடங்கிய சாமுவேல் நூல், அரியணைகளின் அந்தப் பெரிய வரலாறு, இந்தப் பெண்ணின் ஜெபத்தில்தான் தொடங்குகிறது. இதை ஒரு முன்கதையாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். நூலாசிரியர் அப்படி நினைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் வேதாகமத்தில் நியாயாதிபதிகளுக்கும் சாமுவேலுக்கும் நடுவே ரூத் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719இல் இறந்தபோது, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் தமிழாக்கி முடித்திருந்தார். அடுத்த நூலான சாமுவேலை அவருக்குப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தார். எபிரெய வேதாகமத்தின் வரிசை வேறு. அங்கே ரூத் பிற்பகுதியில் இருக்கிறது. நியாயாதிபதிகள் முடிந்தவுடன் நேராக அன்னாளின் கதை வருகிறது. அந்த வரிசையில் படித்தால் மனம் திடுக்கிடும். நியாயாதிபதிகள் நூலின் கடைசிச் சம்பவம் சீலோவில் நடக்கிறது. ஆண்டுத் திருவிழாவில் நடனமாடப் புறப்பட்டு வரும் பெண்பிள்ளைகளை, திராட்சைத் தோட்டங்களில் பதுங்கியிருந்து பிடித்துக்கொண்டு போகும்படி பென்யமீன் ஆண்களுக்கு யோசனை சொன்னவர்கள் சபையின் மூப்பர்கள். ராஜா இல்லாத அந்நாட்களில் அவரவர் தமக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள் என்ற குறிப்போடு நூல் முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் அதே சீலோ, ஆண்டுதோறும் போகும் திருவிழா, அங்கே அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண். மூப்பர்களே பெண்களைக் கடத்தத் திட்டம் போட்டுக்கொடுத்த ஊரில்தான் அன்னாள் ஜெபிக்கிறார்.

சீலோ இன்றைக்கு எருசலேமுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், செய்லுன் என்ற மேட்டில் இருக்கிறது. 1920களில் டென்மார்க் ஆய்வாளர்களும், 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் தலைமையிலான குழுவும் அங்கே அகழ்ந்தார்கள். தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய தாழிகள் கிடைத்தன. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் பெருந்தீயில் அந்த இடம் அழிந்ததற்கான தடயங்களும் கிடைத்தன. மலைநாட்டு மக்கள் தங்கள் விளைச்சலைச் சுமந்துகொண்டு கூடிய இடம் அது என்பதற்குத் தாழிகளே போதும். அந்த இடத்தை அப்போது நடத்தியவர்கள் ஆசாரியன் ஏலியும் அவர் மகன்கள் ஓப்னி, பினெகாஸ் ஆகியோரும்.

அவர்களுடைய ஆட்சி எப்படி இருந்தது என்பதை நூல் ஒரு சமையல் கருவியைக் கொண்டு காட்டுகிறது. பலியிட வந்தவர் இறைச்சியை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது ஆசாரியனின் வேலைக்காரன் மூன்று பல் உள்ள முள்ளோடு வந்து நிற்பான். கொப்பரையோ பானையோ சட்டியோ, எதிலானாலும் குத்துவான். முள்ளில் ஏறிவருவதெல்லாம் ஆசாரியனுக்கு. பிறகு அதுவும் போதாமல், கொழுப்பைக் கடவுளுக்கு எரிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சியாகக் கொடு என்று கேட்பான். கொழுப்பு முதலில் எரியட்டும், அப்புறம் வேண்டுமானதை எடுத்துக்கொள் என்று பக்தர் பணிந்து சொன்னாலும், இப்போதே கொடு, இல்லையென்றால் பலவந்தமாக எடுத்துக்கொள்வேன் என்பான். கூடாரத்தின் வாசலில் ஊழியம் செய்த பெண்களையும் ஏலியின் மகன்கள் விட்டுவைக்கவில்லை. மக்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் கை, அதற்குத் துணைநிற்கும் மிரட்டல், இவற்றைக் கேட்டும் கண்டிப்பதோடு நிறுத்திக்கொண்ட ஒரு கிழவர். அன்னாளின் காலத்து அரசு இதுதான்.

இந்தச் சூழலில் அவர் என்ன ஜெபித்தார்? தேசத்துக்காக அல்ல, ஒரு பிள்ளைக்காக. இதைச் சொல்லித்தான் பலர் அவரை அரசியலுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். எபிரெயச் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. தன் சிறுமையைக் கண்ணோக்கிப் பார்க்கும்படி அன்னாள் கேட்கிறார். எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேயிடம் எகிப்தில் தம் மக்கள் படும் சிறுமையைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல் வருகிறது. பார்ப்பதைக் குறிக்கும் வினையும் அதேபோல இரட்டித்து வருகிறது. தன் வீட்டுத் துக்கத்தை அவர் அடிமைப்பட்ட மக்களின் மொழியில் சொல்கிறார். இன்னொரு சொல், மனக்கசப்பு. அன்னாள் மனக்கசப்போடு ஜெபித்தார் என்று நூல் சொல்கிறது. இதே நூலில் பிற்பாடு, சவுலின் ஆட்சியைத் தாங்கமாட்டாமல் அதுல்லாம் குகையில் தாவீதிடம் வந்து சேர்ந்த ஏறக்குறைய 400 பேரைக் குறிக்கவும் அதே எபிரெயச் சொற்கள் வருகின்றன: ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள். குகையில் கூடியவர்களின் கசப்பை எல்லாரும் அரசியல் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆசரிப்புக் கூடாரத்தில் நின்ற பெண்ணின் கசப்பை மட்டும் குடும்ப விஷயம் என்கிறோம்.

நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் அதிகாரிகளுக்காக ஜெபிக்கும்படி ஒரு பாட்டியிடம் சொன்னார்கள். அவர் பதவிப் பெயர் எதையும் சொல்லவில்லை. ‘ஆண்டவரே, மூணு நாளா குழாயில தண்ணி வரல’ என்று ஆரம்பித்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கும் மருமகளின் முதுகுவலி அந்த ஜெபத்தில் வந்தது. பிறகு அந்த அதிகாரிக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், அவருக்கு நல்ல சுகத்தையும் இரக்கமுள்ள கண்ணையும் கொடும் என்று கேட்டார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவர், ‘திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொடுக்க யார் யாரு வர்றீங்க?’ என்றார். அன்னாளின் ஜெபத்தை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஆளப்படுகிறவர் தன் சொந்தக் குடத்திலிருந்து தொடங்கும்போது ஜெபம் தேசத்தைப் போய்த் தொடுகிறது.

ஏலி அப்போது ஆலய வாசலின் நிலைக்கு அருகே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆசனத்தைக் குறிக்கும் ‘கிஸ்ஸே’ என்ற எபிரெயச் சொல் அரியணைக்கும் வழங்குவது. ராபர்ட் போல்சின் என்ற ஆய்வாளர் சாமுவேல் நூலைப் பற்றி 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஏலி இங்கே வரப்போகிற ராஜாக்களின் சாயலாகவே அமர்ந்திருக்கிறார் என்று வாசிக்கிறார். அன்னாள் பிள்ளை கேட்பதையும் இஸ்ரவேல் ராஜாவைக் கேட்பதையும் அவர் இணைத்துப் பார்க்கிறார். அவருடைய வாசிப்பு முழுவதையும் ஏற்காதவர்கள்கூட ஆசனத்தின் கதையைத் தள்ள முடியாது. அன்னாளின் பாட்டில், குப்பையில் கிடக்கும் எளியவர் மகிமையுள்ள ஆசனத்தைப் பெறுகிறார். நாலாம் அதிகாரத்தில், 98 வயதான ஏலி, உடன்படிக்கைப் பெட்டி பறிபோன செய்தி கேட்டு ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து சாகிறார். மூன்று இடத்திலும் அதே சொல். நாற்பது ஆண்டு நியாயம் விசாரித்தவரின் நாற்காலி, அன்னாள் பாடி முடித்தபோதே ஆட்டங்கண்டுவிட்டது.

அந்த நாற்காலியிலிருந்து ஏலி அன்னாளின் வாயைக் கவனித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, எத்தனை நேரம் வெறியில் இருப்பாய் என்று அதட்டினார். அன்னாள் கொடுத்த பதிலில் பணிவும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. என் ஆண்டவனே என்று மரியாதையோடு அழைத்துவிட்டு, நீர் நினைப்பது தவறு என்கிறார். மதுவை ஊற்றிக்கொள்ளவில்லை, ஆத்துமாவை ஊற்றினேன் என்று விளக்குகிறார். தன்னைப் பேலியாளின் மகளாக, அதாவது உதவாக்கரையாக, நினைக்க வேண்டாம் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் நூலாசிரியர் அதே பேலியாள் என்ற சொல்லை எடுத்து ஏலியின் மகன்கள்மேல் போடுகிறார். முன்னால் நின்ற பெண்ணின்மேல் சந்தேகப்பட்ட கண்ணுக்கு, தன் வீட்டில் இருந்த அந்தச் சொல்லின் உண்மையான சொந்தக்காரர்கள் தெரியவில்லை.

யூத ரபிமார்கள் இந்தக் காட்சியில் வெகுநேரம் தங்கினார்கள். ஜெபத்தைப் பற்றிய எத்தனையோ பெரிய சட்டங்களை அன்னாளிடமிருந்து கற்கலாம் என்று தல்மூதின் பெராகோத் பகுதியில் ரவ் ஹம்னுனா சொல்கிறார்: இருதயத்தை ஒருமுகப்படுத்த வேண்டும், உதடு அசைய வேண்டும், குரல் உயரக் கூடாது. ஆசாரியர்களின் ஆலயத்தில் ஆசாரியரே தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு பெண், அவர்களுக்குப் பிறகு வந்த எல்லாத் தலைமுறைக்கும் ஜெப ஆசிரியையானார். அதே பகுதியில் இன்னும் துணிச்சலான ஒரு விளக்கமும் உண்டு. அன்னாள் ஏலிக்கு மறுப்புச் சொன்னபோது, இந்தக் காரியத்தில் நீர் எஜமானர் அல்ல, பரிசுத்த ஆவி உம்மேல் இல்லை என்றே அவர் உணர்த்தியதாக அது வாசிக்கிறது. குற்றமற்றவரைச் சந்தேகித்தவர் அவரைச் சமாதானப்படுத்தி ஆசீர்வதிக்கவும் கடமைப்பட்டவர் என்ற நெறியையும் ஏலியின் அடுத்த வார்த்தையிலிருந்து எடுத்தார்கள். ஏலி உண்மையாகவே அப்படிச் செய்தார். என்ன கேட்டாள் என்று தெரியாமலே, கேட்டது கிடைக்கட்டும் என்று வாழ்த்தினார். தன் வீட்டின் அழிவை அறிவிக்கப்போகும் பிள்ளையின் பிறப்பைத் தானே ஆசீர்வதித்தார்.

ஆள்வோருக்காக ஜெபிப்பவருக்கு இந்த உரையாடல் மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏலியின் பதவியை அன்னாள் மதிக்கிறார், அவர் வாழ்த்தை ஏற்கிறார், அவர் சொன்னது பொய் என்றும் முகத்துக்கு நேரே சொல்கிறார். மூன்றும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. கார்த்தேஜில் ஏறக்குறைய கி.பி. 197இல் தெர்த்துல்லியன் ரோம ஆளுநர்களுக்கு எழுதிய தற்காப்புரையிலும் இந்த வாயின் சத்தம் கேட்கிறது. பேரரசருக்காக ஜெபிக்கிறோம், அவரைக் கடவுள் என்று மட்டும் அழைக்க மாட்டோம் என்று அவர் வாதாடினார். அரசரைக் கடவுளாக்க மறுத்தவர்களே அவருக்காக உண்மையில் ஜெபித்தவர்கள். கடவுளுக்கு யாரும் ஜெபம் செய்து உதவ வேண்டியதில்லை, மனிதருக்குத்தான் வேண்டும்.

பிள்ளை பிறக்கிறது. கர்த்தரிடத்தில் கேட்டேன் என்று சொல்லிச் சாமுவேல் என்று பெயரிடுகிறார். இங்கே ஒரு புதிர். ‘கேட்டல்’ என்பதற்கான எபிரெய வேர் ‘ஷாஅல்’. அந்த வேர் சாமுவேல் என்ற பெயரில் ஒட்டவில்லை. சவுல் என்ற பெயரில்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. சவுல் என்றாலே கேட்கப்பட்டவர். முதல் அதிகாரத்தின் இறுதியில் அன்னாள் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்படைக்கும்போது அவர் வாயில் வரும் எபிரெயச் சொல் எழுத்துப் பிசகாமல் ‘ஷாஊல்’ என்றே இருக்கிறது. தமிழில் இதைக் கொண்டுவர வழியில்லை. இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலுடையதாக இருந்து பிறகு சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்று சில ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். நூல் இன்று இருக்கிற வடிவத்தில் அந்த ஒலிக்கு வேறொரு பயன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கப்படுவது இரண்டு விதம். அன்னாள் கேட்டார், கிடைத்ததைத் திரும்பக் கொடுத்தார். மக்களும் பின்னர் ராஜாவைக் கேட்டார்கள், மற்ற ஜாதிகளைப் போல இருக்க வேண்டும் என்று. அந்த ராஜா உங்கள் மகன்களை எடுத்துக்கொள்வான், மகள்களை எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எட்டாம் அதிகாரத்தில் எச்சரித்தார். மூன்று பல் முள் இப்போது செங்கோலாகிறது. கொடுத்துப் பழகிய ஒரு தாயின் மகனுக்குத்தான் அந்த ‘எடுத்துக்கொள்வான்’ முன்கூட்டியே காதில் விழுந்தது.

இரண்டாம் அதிகாரத்தில் அன்னாளின் பாட்டு. வில்வீரரின் வில் முறிகிறது, தள்ளாடுகிறவர்கள் பெலன் கட்டிக்கொள்கிறார்கள், திருப்தியாய் இருந்தவர்கள் கூலிக்குப் போகிறார்கள், பசித்தவர்களின் பசி தீர்கிறது. லூக்கா நற்செய்தியில் மரியாளின் பாட்டு இதன் வழியில்தான் நடக்கிறது. அதே லூக்கா, குழந்தை இயேசுவை ஆலயத்தில் கண்ட வயதான விதவைக்கும் அன்னாள் என்ற பெயரையே தருகிறார். பாட்டு முடியும் இடத்தில் ராஜாவும் அவருடைய அபிஷேகம்பண்ணப்பட்டவரும் வருகிறார்கள். ராஜா இல்லாத காலத்துப் பெண் ராஜாவைப் பாடுவதால், இது பிற்காலத்து அரச கீதம், கதைக்குள் செருகப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இருக்கலாம். ஆனால் அதை அன்னாளின் வாயில் வைத்தவர்கள் ஏன் அங்கே வைத்தார்கள்? ராஜாவுக்கான ஜெபம் எப்படி அமைய வேண்டும் என்ற வரிசைமுறை அந்தப் பாட்டில் இருக்கிறது. முதலில் கடவுளின் பரிசுத்தம், பிறகு பசித்தவரும் எளியவரும், அதற்குப் பிறகு நியாயத்தீர்ப்பு, கடைசியில்தான் ராஜா. நம் ஞாயிறு ஜெபம் இதைத் தலைகீழாக்கி மேலே இருப்பவரிடமிருந்து தொடங்குகிறது. அதில் பசித்தவர் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

பாட்டின் கடைசி வசனத்தில், ராஜா வருவதற்குச் சற்று முன்னால், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சில வரிகள் கூடுதலாக இருக்கின்றன. எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தை ஒத்தவை. அறிவுள்ளவர் அறிவைப் பற்றியும், பலசாலி பலத்தைப் பற்றியும், செல்வர் செல்வத்தைப் பற்றியும் பெருமை பேச வேண்டாம். கர்த்தரை அறிந்து நாட்டில் நியாயமும் நீதியும் செய்வதே பெருமைக்குரியது என்பது அவற்றின் சாரம். 1952இல் கும்ரானின் நாலாம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும், சிதைந்த நிலையில், இந்த இடத்தில் கூடுதல் வரிகள் இருந்த அடையாளம் தெரிகிறது. ராஜாவின் பெயரைச் சொல்வதற்குமுன் நாட்டில் நியாயம் நடக்கிறதா என்று கேட்காமல் தாண்டக் கூடாது என்று பண்டைய எழுத்தர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்னாளின் கதையை யூதர்கள் புத்தாண்டின் முதல் நாளில் ஜெபாலயத்தில் வாசிக்கிறார்கள். கடவுளை ராஜாவாகப் போற்றும் அந்த நாளுக்கு அவர்கள் தேர்ந்துகொண்டது ஒரு மலையூர்ப் பெண்ணின் கண்ணீரை.

இனி எனக்கு மிகவும் கடினமான பகுதி. பால் மறந்தவுடன் பிள்ளையைக் கொண்டுபோய் அன்னாள் விட்டது எங்கே? அந்த மூன்று பல் முள் உலவிய அதே வீட்டில். நிர்வாகம் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தும், கெட்டுப்போன இடத்துக்குள்ளேயே தன்னிடமிருந்த மிகச் சிறந்ததை அனுப்பினார். ஒரு தாய் இதை எப்படிச் செய்ய முடிந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் மனம் முழுக்க ஆறவில்லை. நூல் அவருடைய மனத்தைத் திறந்து காட்டுவதில்லை. ஒன்றை மட்டும் காட்டுகிறது: ஆண்டுதோறும் அவர் ஒரு சின்னச் சட்டை தைத்து, பலிசெலுத்தப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளை வருகிற வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டிலிருந்தபடியே கையால் அளந்து பார்த்திருப்பார். தோள் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு. தலைமைக்காக ஜெபிப்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒப்படைத்துவிட்டோம் என்று கைகழுவாமல் ஒவ்வொரு வருஷமும் புதிதாக அளவெடுப்பது. பழைய அளவில் தைத்த சட்டை வளரும் பிள்ளைக்குப் பத்தாது. ஆட்சியில் இருப்பவருக்கான ஜெபத்துக்கும் பழைய அளவு பத்தாது.

அந்தச் சட்டைக்குள் வளர்ந்த பிள்ளையிடம் அம்மாவின் வாய் இருந்தது. இரவில் குரல் கேட்டு மூன்று முறை ஏலியிடம் ஓடுகிறான். அது யாருடைய குரல் என்று அவனுக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்ததே ஏலிதான். அவன் பெற்ற முதல் செய்தி அந்த ஏலியின் வீட்டுக்கு எதிரானது. காலையில் சொல்லப் பயந்தான். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ஏலியும் அதைத் தாங்கிக்கொண்டார். வயதாகிவிட்ட பிறகு சாமுவேல், தமக்குப் பிடிக்காத ராஜாவை மக்கள்முன் நிறுத்திவிட்டுப் பேசுகிறார். யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்கிறார். ராஜாவைக் கேட்டது தவறு என்று ஒளிக்காமல் சொல்கிறார். அதே மூச்சில், உங்களுக்காக ஜெபிப்பதை நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவமாகும் என்றும் சொல்கிறார். அரசியல் முடிவு அவர் விருப்பத்துக்கு மாறாகப் போன நாளில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. தேர்தல் முடிவு வந்த மறுநாள் நாம் எப்படி ஜெபிக்கிறோம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஜெபத்தின் வெற்றிக் கதையைத் தேடினால் கிடைக்காது. சாமுவேலின் சொந்த மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஏலியின் வீட்டில் கண்டதையே மக்கள் அன்னாளின் பேரப்பிள்ளைகளிடமும் கண்டார்கள். ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் ராமாவுக்கு வந்து கேட்டபோது சொன்ன முதல் காரணமே அதுதான். நேர்ந்து பெற்ற பிள்ளையின் வீட்டிலும் முள் முளைத்தது. இதை மறைக்காமல் எழுதிவைத்த நூலை நான் நம்புகிறேன்.

பிறகு சவுல். சாமுவேல் தம் கையால் எண்ணெய் ஊற்றி ராஜாவாக்கியவர். கீழ்ப்படியாமல் போன அவரைக் கடவுள் தள்ளிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, சாமுவேல் அந்த இரவு முழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார் என்கிறது நூல். அந்த ஜெபத்தின் வார்த்தைகள் பதிவாகவில்லை. காலையில் எழுந்து கில்காலுக்குப் போய், இரவெல்லாம் யாருக்காக அழுதாரோ அவரிடமே தீர்ப்பைச் சொல்கிறார், ஒரு சொல்லும் குறைக்காமல். திரும்பிப் போகிறபோது சவுல் அவருடைய சால்வையின் ஓரத்தைப் பிடிக்க, அது கிழிகிறது. தமிழ் வேதாகமத்தில் இது சால்வை; எபிரெயத்தில் ‘மெஈல்’. அன்னாள் ஆண்டுதோறும் தைத்த சின்னச் சட்டையும் ‘மெஈல்’தான். சவுல் சாவதற்கு முந்திய இரவில் எந்தோரில், இறந்தவர்களை எழுப்பும் ஒரு பெண், எழுந்துவரும் கிழவரை வர்ணிக்கும்போது, அவர் மெஈல் போர்த்தியிருக்கிறார் என்பாள். அதைக் கேட்டவுடன் அது சாமுவேல் என்று சவுல் கண்டுகொள்வார்.

அதற்கு வெகுகாலம் முன்பு, கில்காலில் அந்த ஓரம் கிழிந்த நாளில், சவுல் கிபியாவில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். சாமுவேல் சவுலுக்காகத் துக்கித்துக்கொண்டு, கிழிந்த மெஈலோடு ராமாவுக்குப் போனார். அன்னாள் உட்கார்ந்து தைத்த ஊர் அது.